பெஞ்சு மலையைப் பாக்கணுமா ரோட்டைப் பாக்கணுமா? – இங்கிலாந்து கிராமத்து கவுன்சில் கூத்துகள்

மழைக்காத்தான்:
வணக்கம் மக்களே. லண்டன், லெஸ்டர்ல இருக்குறவங்களுக்கு இது புரியாது, ஆனா என்.எச்.எஸ்., அதான் அரசு மருத்துவத் துறை, தூக்கிப் போட்ட இடத்துல ஆட்டு மந்தைக்கு நடுவுல நாலு தெரு உள்ள ஊர்ல குப்பை கொட்டுற ஆளுங்க இங்க கொஞ்ச பேராச்சும் இருப்பீங்க. உங்க ஊர் லோக்கல் செய்தி, கவுன்சில் பஞ்சாயத்து எல்லாத்தையும் இங்க கொட்டுங்க, நானே ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர் பாரிஷ் கவுன்சில்ல, அதான் கிராம அளவுல இருக்குற கவுன்சில்ல, இப்ப ஓடுற பெரும் பிரச்சினை ஒரு பெஞ்சு. காலமான ஒரு பெரியவர் நினைவா அவர் குடும்பம் வாங்கிக் குடுத்த மரப்பெஞ்சு. அதை மலையைப் பாத்து போடணுமா ரோட்டைப் பாத்து போடணுமான்னு போன வருஷத்துலேர்ந்து பேசிக்கிட்டே இருக்காங்க. மலையைப் பாத்து போட்டா வியூ நல்லாருக்கும் ஆனா பஸ்ஸு வர்றது தெரியாதாம். பஸ்ஸே வாரத்துல ரெண்டு நாள்தான் வருதுங்கிறது வேற விஷயம். மினிட்ஸை, அதான் கூட்டக் குறிப்பை, எடுத்துப் படிச்சேன், பெஞ்சுக்கு ஒன்றரைப் பக்கம். அதே மினிட்ஸ்ல டாக்டர் சர்ஜரியோட, அதான் கிளினிக்கோட, கிளையை மூடப்போறாங்கங்கிற விஷயத்துக்கு ஒரே வரி, "குறித்துக்கொள்ளப்பட்டது".

லோக்கல் பேப்பரும் அப்படித்தான். ரட்லண்டுன்னு ஒரு குட்டி கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) இருக்கு தெரியுமா, இங்கிலாந்துலயே மெக்டொனால்ட்ஸ் இல்லாத ஒரே கவுண்டின்னு பேர் வாங்கி வச்சிருந்தாங்க. 2020ல ஓக்கம் ஊர்ல ஒண்ணு திறந்தப்போ நாடே செய்தி போட்டுச்சு. பர்கர் கடை வந்தது ஒரு கவுண்டியோட வரலாற்று நிகழ்ச்சி!

லண்டன்வாசி:
மச்சி பஸ்ஸு வராத ஸ்டாப்புல பெஞ்சுக்கு சண்டையா, சூப்பரு. எனக்குத் தெரிஞ்ச ஒரே பாரிஷ் கவுன்சில் அந்த ஜூம் வீடியோதான், லாக்டவுன்ல பாத்து விழுந்து விழுந்து சிரிச்சது. ஜாக்கி வீவர்னு ஒரு அம்மா, ஒருத்தர் "உங்களுக்கு இங்க எந்த அதிகாரமும் இல்ல ஜாக்கி வீவர்"னு உறுமுவாரு, அடுத்த செகண்டு ஆளையே காணோம், தூக்கிட்டாங்க. இன்னொருத்தர் ஸ்டாண்டிங் ஆர்டரை, அதான் கூட்ட விதிகளை, படி, படிச்சுப் புரிஞ்சுக்கோன்னு தொண்டை கிழிய கத்தி அவரும் அவுட்டு. அந்தம்மா மூஞ்சில ஒரு சலனம் கிடையாது. கிராமத்து ஜனநாயகம்னா இதான்டா

சட்டப்புலி:
ரெண்டு திருத்தம். ஒண்ணு, அந்த வீடியோல வந்த ஹேண்ட்ஃபோர்த் கிராமமே கிடையாது, செஷயர்ல மான்செஸ்டர் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல இருக்குற டவுன் மாதிரி இடம். மீட்டிங் நடந்தது 2020 டிசம்பர், வைரல் ஆனது 2021 பிப்ரவரி. ரெண்டாவது, அதிகாரம் இல்லன்னு உறுமினவர் சொன்னது சட்டப்படி முழுசா தப்புன்னு சொல்ல முடியாது. செஷயர் ஈஸ்ட் கவுன்சில் விசாரணை வச்சு 2022ல அறிக்கை வந்துச்சு, ஆளுங்களை வெளியேத்த ஜாக்கி வீவருக்கு முறைப்படி அதிகாரம் இல்ல, ஆனா அன்னைக்கு இருந்த நிலைமைல ஏன் அப்படிப் பண்ணாங்கன்னு புரிஞ்சுக்க முடியுதுன்னு எழுதினாங்க. விசாரணைச் செலவு மட்டும் 85,000 பவுண்டுக்கு மேல. வீடியோ ஃப்ரீ, அறிக்கைக்குக் காசு அந்த ஊர்க்காரங்க வரியில இருந்து.

இன்னொண்ணு, 2011 லோக்கலிசம் சட்டத்துக்கு அப்புறம் இங்கிலாந்துல ஒரு கவுன்சிலர் எவ்ளோ மோசமா நடந்துக்கிட்டாலும் அவரை சஸ்பெண்ட் பண்ண வழியில்ல. கண்டனத் தீர்மானம் போடலாம், ட்ரெய்னிங் போங்கன்னு சொல்லலாம். அவர் போகமாட்டேன்னா அவ்ளோதான். இதுதான் பல ஊர்ல கூச்சலுக்குக் காரணம், ஆளுங்க குணம் அப்புறம்தான்.

(நான் ஒரு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் பிளானிங் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். எதுன்னு கேக்காதீங்க.)

பெட்டிக்கடை_அண்ணை:
தம்பிமார், நான் ஒரு கிராமத்தில கடையும் போஸ்ட் ஒஃபிசும் நடத்துறன். கவுன்சில் மீட்டிங் மாசத்தில ஒருக்கா, ஆனா உண்மையான மீட்டிங் ஒவ்வொரு நாளும் என்ர கவுண்டரிலதான் நடக்குது. ஒரு மனுசி வந்து ரெண்டு முத்திரை வாங்கிப்போட்டு அரை மணித்தியாலம் நிண்டு பக்கத்து வீட்டுக்காரன்ர வேலியைப் பற்றிக் கதைக்கும். வேலிச் சண்டை எங்களுக்குப் புதுசே, யாழ்ப்பாணத்தில கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதுக்குக் கோடு கச்சேரி ஏறின ஆக்கள்தானே நாங்கள். ஆனா இவையள் சத்தம் போடமாட்டினம். வேலிக்காரனைக் கண்டால் சிரிச்சுக்கொண்டு குட் மோர்னிங் சொல்லுவினம், பிறகு வீட்ட போய் கவுன்சிலுக்கு மூண்டு பக்கத்தில ஒப்ஜெக்‌ஷன் எழுதுவினம். அதை அனுப்ப முத்திரை வாங்கவும் என்னட்டத்தான் வருவினம், அதால நான் ஒரு பக்கமும் சாய்றேல்லை.

எங்கட ஊர்க் கூத்து டெலிபோன் பெட்டி. பி.டி. எண்ட டெலிபோன் கொம்பனி 2008 தொடக்கம் பாவிக்காத சிவப்புப் பெட்டியளை ஊர்களுக்கு ஒரு பவுணுக்குக் குடுக்குது, இதுவரை 7,000க்கு மேல அப்பிடிப் போட்டுது. சில ஊரில உள்ளுக்கை புத்தகத் தட்டு, சில ஊரில இதயத்துக்கு ஷொக் குடுக்கிற மெஷின். சோமர்செட்டில வெஸ்ட்பரி-சப்-மெண்டிப் எண்ட ஊர்ச்சனம் நடமாடும் லைப்ரரி நிண்டுபோன கவலையில 2009ல பெட்டியை வாங்கிப் புத்தகம் அடுக்கிச்சினம், நல்ல விசயம். எங்கட ஊரிலயும் ஒண்டு வாங்கிச்சினம். ஒரு பவுண் குடுத்து வாங்கின பெட்டிக்கு எந்தச் சிவப்பு அடிக்கிறது எண்டுதான் சண்டை. பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் 381சியில 538 எண்டொரு சிவப்பு, அது பழைய போஸ்ட் ஒஃபிஸ் சிவப்பு. 539 எண்டது கரன்ட் ரெட், 1968க்குப் பிறகு வந்தது. பெட்டி 1930களின்ர டிசைன் எண்டபடியால் 538 தான் சரியெண்டு ஒரு ஆள். இல்லை, கடைசியா இருந்த நிறம் 539 எண்டு இன்னொரு ஆள். ரெண்டு டின்னையும் கடைக்குக் கொண்டுவந்து மூடியைத் துறந்து என்ர கவுண்டரில வைச்சு எது எண்டு கேட்டவை. எனக்கு ரெண்டும் ஒண்டாத்தான் தெரிஞ்சது, அதைச் சொன்னா ரெண்டு பேரும் பேப்பர் வாங்குறதை நிப்பாட்டிப்போடுவினம், அதால கண்ணாடி எடுத்துக்கொண்டு வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன். கண்ணாடி நெத்தியில இருந்தது :)

மழைக்காத்தான்:
அண்ணை 538, 539 😂 ஃப்ரேம் போட்டு மாட்டணும். அண்ணை எந்த நம்பர் ஜெயிச்சுச்சு கடைசில?

பெட்டிக்கடை_அண்ணை:
ஓமடா தம்பி, 539. 538 டின்னுக்காரர் அந்த மிச்சத்தைத் தன்ர கேற்றுக்கு அடிச்சிட்டார். பெட்டிக்கு நேர் எதிர் வீடு.

தோட்டக்காரி:
சிரிங்க சிரிங்க, நானும் சிரிச்சேன். ஆனா ஒரு விசயம் சொல்லட்டுங்களா, நான் இங்க ஒரு பாரிஷ் கவுன்சிலருங்க. தேர்தல்ல எல்லாம் நின்னு ஜெயிக்கல, காலி இடம் இருந்துச்சு யாரும் வரல, அலாட்மெண்ட்ல, அதான் வாடகைக்கு விடற தோட்டத் துண்டுல, தக்காளிக்குக் குச்சி நட்டுக்கிட்டு இருந்தப்ப கவுன்சில் க்ளார்க் வந்து கேட்டாங்க, சரின்னுட்டேன். சம்பளம் ஒரு பென்னி கிடையாது. இங்கிலாந்து பூரா இது மாதிரி 10,000 பாரிஷ், டவுன் கவுன்சில் இருக்குது, உக்காந்திருக்கறதுல முக்காவாசிப் பேரு என்னாட்டம் தான், மாட்டேன்னு சொல்லத் தெரியாம மாட்டிக்கிட்டவங்க.

பெஞ்சுக்கு ஏன் ஒன்றரைப் பக்கம்னு கேட்டீங்களே தம்பி. ஏன்னா எங்க கையில இருக்கறதே பெஞ்சு தானுங்க! பெஞ்சு, பஸ் ஷெல்டர், பசங்க விளையாடற எடம், அலாட்மெண்ட், நோட்டீஸ் போர்டு, நாய்ப் பீ போடற தொட்டி, எடத்தைப் பொறுத்து கல்லறைத் தோட்டம். ரோடு எங்களுக்கு மேல இருக்கற கவுண்டி கவுன்சில்காரங்களுது. குப்பையும் வீடு கட்ற பெர்மிஷனும் டிஸ்ட்ரிக்ட்டுது, பெர்மிஷன் விசயத்துல நாங்க கருத்து சொல்லலாம், அவங்க கேக்கோணும்னு ஒண்ணுமில்ல. சர்ஜரிய மூடறது என்.எச்.எஸ். எங்கயோ உக்காந்து முடிவு பண்றது, அதுல குறிச்சுக்கறதைத் தவிர நாங்க என்ன பண்ண, வேலைநிறுத்தமா? எதை நம்மால மாத்த முடியுமோ அதைத்தானே மனுசன் மணிக்கணக்குல பேசுவான்.

புல்லு வெட்டறதுலயே பாருங்க. மே மாசம் புல்லு வெட்டாதீங்க, பூச்சிக்கும் தேனீக்கும் ஆகும்னு பிளாண்ட்லைஃப்னு ஒரு அமைப்பு சொல்லுதுல்ல, சரின்னு ரோட்டோரம் விட்டோம். சுடுகாடு மாதிரி கெடக்குதுன்னு பதினோரு மெயில். அடுத்த வருசம் வெட்டினோம், காட்டுப்பூவைக் கொன்னுட்டீங்கன்னு மெயில், அதுல பாதி அதே ஆளுங்க.

லண்டன்வாசி:
அக்கா உங்களைச் சொல்லல, நீங்க வெயிட்டு

மழைக்காத்தான்:
அக்கா நியாயமான கேள்வி, சர்ஜரி விஷயத்துல நான் கோவப்படுறது உங்க மேல இல்ல. ஆனா ரோடு? எங்க ஊருக்குள்ள நுழையுற வளைவுல ஒரு பள்ளம், மழை பெஞ்சா தண்ணி நின்னு ரோடு எது குழி எதுன்னு தெரியாது. கம்ப்ளெயிண்ட் போட்டேன். ஒருநாள் ஹை-விஸ் சட்டை போட்ட ஒருத்தர் வேன்ல வந்து இறங்கி, குனிஞ்சு, ஸ்கேல் மாதிரி ஒண்ணை உள்ள விட்டு அளந்து, ஃபோட்டோ எடுத்துட்டு, கேனை ஆட்டி ஆட்டி ஸ்ப்ரே பெயிண்ட்ல சுத்தி ஒரு கட்டம் போட்டுட்டு போயிட்டாரு. ஆஹா வந்துருச்சுடா விடிவுன்னு நினைச்சேன். கட்டம் வெளுத்து அழிஞ்சே போச்சு, பள்ளம் இருந்துச்சு. அப்புறம் ரெண்டாவது தடவை கட்டம் போட்டு ஒருவழியா ஒரு லாரி வந்து தார் கொட்டி தட்டிட்டு போச்சு. கட்டத்துக்குள்ள இருந்ததை மட்டும்! ரெண்டடி தள்ளி அதைவிடப் பெரிய பள்ளம், அது அப்படியே கிடக்கு. ஏம்ப்பா இதையும் சேத்துடேன்னு கேட்டா அது என் டிக்கெட்ல இல்ல சார்ங்கிறான், பாவம் அவனும் என்ன பண்ணுவான். வந்த லாரி, இருந்த தாரு, நின்ன மூணு ஆளு, எல்லாம் இருந்தும் அடுத்த பள்ளத்துக்கு வேற டிக்கெட்.

சட்டப்புலி:
இதுக்கு விளக்கம் இருக்கு, கேட்டா இன்னும் கோவம் வரும்.

ரோடு சட்டம் 1980ல 41வது பிரிவு, ரோட்டைப் பராமரிக்க வேண்டியது ஹைவே அத்தாரிட்டியோட கடமைன்னு சொல்லுது. 58வது பிரிவு, நியாயமான முறைல பரிசோதனை பண்ணி கவனிச்சிட்டுதான் இருந்தோம்னு நிரூபிச்சா நஷ்டஈடு கட்ட வேண்டாம்னு சொல்லுது. அதனால கவுண்டிக்காரனுக்கு பள்ளத்தை மூடுறதை விட, பள்ளத்தை அளந்தோம், தேதி போட்டு ரெகார்டு பண்ணினோம்ங்கிறது முக்கியம் ஆயிடுது. பல கவுன்சில்ல 40 மில்லிமீட்டர் ஆழம் இருந்தாத்தான் கணக்குல எடுத்துக்கவே செய்வாங்க. 35 மில்லிமீட்டர்னா அது பள்ளம் இல்ல, ரோடு. உங்க டயருக்கு வித்தியாசம் தெரியாது, ஃபைலுக்குத் தெரியும்.

காசு எங்கன்னா, பெரிய கவுன்சில்களோட பட்ஜெட்ல பாதிக்கு மேல முதியோர் பராமரிப்பு, ஊனமுற்றோர் பராமரிப்பு, குழந்தைகள் நலம் இதுக்கே போகுது, அதெல்லாம் சட்டப்படி செஞ்சே ஆகணும். கிராமப்புறத்துல வயசானவங்க விகிதம் அதிகம், தூரமும் அதிகம், ஒரு கேரர் ஒரு வீட்டுலேர்ந்து அடுத்த வீட்டுக்கு அரை மணி நேரம் கார் ஓட்டணும். மிஞ்சினது ரோட்டுக்கு. 2024ல தார்ரோடு தொழில்காரங்க கூட்டமைப்பு போட்ட கணக்குப்படி இங்கிலாந்து, வேல்ஸ் லோக்கல் ரோடுகளைச் சீர்பண்ண 16.3 பில்லியன் பவுண்டு வேணும். அவங்க தார் விக்கிறவங்க, கூட்டித்தான் சொல்வாங்கன்னு வச்சுக்கிட்டாலும் பாதிக்கே காசு கிடையாது.

கவுண்டிக்காரங்க வரியை 4.99 சதவீதத்துக்கு மேல ஏத்தணும்னா ஊர்ல வாக்கெடுப்பு வைக்கணும். வேடிக்கை என்னன்னா பாரிஷ் கவுன்சிலுக்கு அந்த உச்சவரம்பு இதுவரைக்கும் போடல. பெஞ்சுக்காரங்க நினைச்சா டபுளாக்கலாம்.

தோட்டக்காரி:
டபுளாக்கிட்டு அந்த ஊர்லயே நான் பால் வாங்கப் போகோணுமுங்க சார். நாலு பவுண்டு ஏத்தினதுக்கே சர்ச்சு வாசல்ல ஒருத்தர் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு.

ஈரோடு_ராசா:
இந்தியாவுலேர்ந்து படிச்சிட்டிருக்கேன், செம்ம இழை. ஒரு டவுட்டு, பாரிஷ்னா சர்ச்சு சம்பந்தப்பட்டதுதானே? சர்ச்சு கவுன்சிலா இது? நம்ம பஞ்சாயத்து போர்டு மாதிரியா?

சட்டப்புலி:
முன்னாடி சர்ச்சுகிட்டதான் இருந்துச்சு. 1894 லோக்கல் கவர்ன்மெண்ட் சட்டம் வந்து ஊர் நிர்வாகத்தைப் பாதிரியார் கையிலேர்ந்தும் நிலச்சுவான்தார் கையிலேர்ந்தும் பிரிச்சு, 300 பேருக்கு மேல உள்ள கிராமத்துக்கெல்லாம் தேர்ந்தெடுத்த கவுன்சில் குடுத்துச்சு. பெண்களும், கல்யாணம் ஆனவங்க உட்பட, ஓட்டு போடலாம் நிக்கலாம்னு அந்தச் சட்டத்துலயே வந்துருச்சு. பார்லிமெண்டுக்கு ஓட்டு கிடைக்க 1918 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு. எல்லை பழசு, பேரு பழசு, வேலை வேற.

இன்னொரு தகவல், இந்தக் கூட்டங்களுக்குள்ள பொதுமக்களும் பத்திரிகைக்காரங்களும் போய் உக்காரலாம்ங்கிற சட்டம் 1960ல வந்தது. அதைக் கொண்டுவந்தது அப்பதான் புதுசா எம்.பி. ஆயிருந்த மார்கரெட் தாட்சர், பார்லிமெண்ட்ல அவங்க பேசின முதல் பேச்சே இந்த மசோதாவுக்குத்தான்.

லண்டன்வாசி:
தாட்சரம்மா போட்ட சட்டத்துல உக்காந்து இன்னைக்கு பெஞ்சு விவாதம் பாக்குறோம் 🙏

வடக்குக்காத்து:
நான் நார்த்தம்பர்லண்ட் பக்கம் இருந்தேன், இப்ப யார்க்‌ஷயர். ரெண்டு இடத்துலயும் கூத்துக்குப் பஞ்சமில்ல.

2017 மே மாசம் நார்த்தம்பர்லண்ட் கவுண்டி தேர்தல், சவுத் பிளைத் வார்டுல ரெண்டு பேருக்கும் சம ஓட்டு. திரும்ப எண்ணியும் அதே கதை. சட்டத்துல குலுக்கல் போடுன்னு இருக்கு, அதனால குச்சி எடுக்க வச்சாங்க. லிபரல் டெமாக்ராட் அம்மாவுக்கு அடிச்சுது. இதுல என்ன பெருசுன்னா மொத்தம் 67 சீட்டு, கன்சர்வேட்டிவ் 33ல நின்னுட்டாங்க, அந்தக் குச்சி மட்டும் மாறி வந்திருந்தா கவுண்டியே அவங்க மெஜாரிட்டில இருந்திருக்கும். உத்திரமேரூர்க்காரங்க ஆயிரம் வருஷம் முன்னாடி குடத்துல ஓலை போட்டாங்கன்னு நாம பீத்திக்கிறோம், இவங்களும் சளைச்சவங்க இல்ல.

யார்க்‌ஷயர் கதை 2024. நார்த் யார்க்‌ஷயர் கவுன்சில், இனிமே புதுசா வைக்கிற தெருப் பலகைல பேருக்கு நடுவுல வர்ற அந்தக் குட்டிக் கொம்பை, அதான் அப்பாஸ்ட்ரஃபி, போடமாட்டோம் கம்ப்யூட்டர் டேட்டாபேஸ்ல பிரச்சினை வருதுன்னுச்சு. ஹாரோகேட்ல செயிண்ட் மேரிஸ் வாக் தெருப் பலகைல யாரோ மார்க்கர் பேனால அதை வரைஞ்சே விட்டுட்டாங்க. டீச்சருங்க ரிடையர் ஆகி குடியிருக்குற ஊர்ல கை வைக்கலாமா? சில மாசத்துல கவுன்சில் பின்வாங்கிடுச்சு. இதே தப்பை 2013ல மிட் டெவன் கவுன்சில் பண்ணி இதே மாதிரி பின்வாங்கினது ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல போல.

இந்த ஊர்ல பள்ளத்தை மூடுன்னு பத்து வருஷம் கத்தினாலும் நடக்காது, கொம்பை எடுத்தா ஒரே வாரத்துல புரட்சி.

மழைக்காத்தான்:
ஹாஹா சரி கிளாஸ்டன்பரியை யாரும் சொல்லலயா இன்னும்? சோமர்செட்ல, பெரிய இசை விழா நடக்குற பக்கம். டவுன் கவுன்சில் 5ஜி டவர் ஆபத்தான்னு ஆராய ஒரு குழு போட்டாங்க. 2020ல வந்த அறிக்கைல குழு உறுப்பினர் ஒருத்தர் எனக்கு இது நல்லா வேலை செய்யுதுன்னு ஒரு 'கதிர்வீச்சு தடுப்புக் கருவி'யை சிபாரிசு பண்ணிருக்காரு. விலை 339 பவுண்டு. செக்யூரிட்டி ஆளுங்க வாங்கிப் பிரிச்சுப் பாத்தா உள்ள இருந்தது 128 எம்.பி. யூ.எஸ்.பி. ஸ்டிக். வெளிய ஒரு ஸ்டிக்கர். குழுவுல சிலர் இதெல்லாம் ஆராய்ச்சியே இல்லன்னு பாதியிலயே கும்பிடு போட்டுட்டு கிளம்பிட்டாங்க.

நம்ம ஊர் தாயத்து எவ்வளவோ தேவல, அதுல வெள்ளியாச்சும் இருக்கும்.

பெட்டிக்கடை_அண்ணை:
தம்பி 128 எம்.பியில ஒரு கலியாண வீட்டு வீடியோகூட அடங்காது.

நான் ஒரு நல்ல செய்தி சொல்லுறன். பாத் நகரத்துக்குப் பக்கத்தில சார்ல்கம் லேன் எண்டு ஒரு ஒழுங்கை. ஒவ்வொரு வருசமும் பெப்ரவரி, மார்ச்சில ஆறு கிழமைக்கு அந்த ரோட்டைப் பூட்டி விடுவினம். ஏன் தெரியுமோ, தேரை கடக்கிறதுக்கு! தேரை, தவளை எல்லாம் முட்டையிட ஏரிக்குப் போற காலம். இருட்டின பிறகு சனம் டோர்ச்சும் வாளியும் கொண்டுபோய் தேரையளைத் தூக்கி அங்கால விடுகுது. கனகாலமா நடக்குது, மழைக்குளிரில நிண்டு செய்யினம், நான் பகிடி பண்ணேல்லை, எனக்கு மெய்யா நல்லாப் பிடிச்சிருக்கு. ஆனா எங்கட ஊரில ஒரு நாள் சாமத்தில கிழவி ஒண்டு விழுந்து அம்புலன்ஸுக்கு ரெண்டரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு இருந்தது, அதுதான் மனசு ஒப்பிட்டுப் பாக்குது.

மழைக்காத்தான்:
அண்ணை... ஆமா. பஸ்ஸும் அதே. 2023 ஜனவரில இங்கிலாந்துல பஸ் டிக்கெட் எவ்ளோ தூரம் போனாலும் 2 பவுண்டுக்கு மேல கிடையாதுன்னு வச்சாங்க, 2025ல 3 பவுண்டு ஆக்கினாங்க. பேப்பர் முழுக்க இதான் விவாதம், ரெண்டா மூணான்னு. எங்க ஊர்ல ஒரு பாட்டி என்கிட்ட கேட்டாங்க, வராத பஸ்ஸுக்கு எவ்ளோ வச்சா என்னப்பா.

செய்தியோடை:
லோக்கல் பேப்பர் பத்தி ஒரு வார்த்தை. நான் கொஞ்ச காலம் அந்தத் துறைல இருந்தேன். எங்க பேப்பருக்கு மார்க்கெட் சதுக்கத்துல ஆபீஸ் இருந்துச்சு, யாரு வேணா கதவைத் தள்ளிட்டு உள்ள வந்து திட்டலாம். இப்ப அந்த இடம் நாய்க்கு முடிவெட்டுற கடை. நிருபர் நாப்பது மைல் தள்ளி வீட்டுலேர்ந்து டைப் அடிக்கிறாரு. கவுன்சில் மீட்டிங்குக்குப் போய் உக்கார ஆளே இல்லாம போனதாலதான் பி.பி.சி. லைசன்ஸ் காசுல 2018லேர்ந்து லோக்கல் டெமாக்ரசி ரிப்போர்ட்டர்னு நாடு முழுக்க 165 பேர் வரைக்கும் வச்சிருக்காங்க. நீங்க படிச்சு சிரிச்ச கதைல பாதி அவங்க மீட்டிங்ல தூக்கத்தை அடக்கிட்டு உக்காந்து எழுதினதுதான். ஆனா அவங்க வேலை பெரிய கவுன்சில்கள்தான், பாரிஷ் வரைக்கும் எப்பவாச்சும்தான் எட்டும்.

அந்த இடத்தை இப்ப ஊர் ஃபேஸ்புக் குரூப் பிடிச்சுக்கிச்சு. தினமும் மூணே போஸ்டு: ஹெலிகாப்டர் ஏன் சுத்துது, அந்த டமார் சத்தம் என்ன, இந்த வாரம் எந்த குப்பைத் தொட்டின்னு. கவுன்சில் ரகசியமா முடிவு பண்ணிடுச்சுன்னு அங்கதான் கத்துவாங்க. அந்த ரகசியம் ஒரு வாரமா நோட்டீஸ் போர்டுல கண்ணாடிக்குப் பின்னாடி தொங்கிட்டிருக்கும், நாலு துருப்பிடிச்ச பின்னு குத்தி, ஈரத்துல மை ஊறி.

தோட்டக்காரி:
ஐயோ அந்த போர்டு சாவி ஒரே ஒருத்தர்கிட்டதான் இருக்குது எங்க ஊர்ல. அவரு ஸ்பெயின் போயிட்டா கிறிஸ்மஸ் நோட்டீஸ் ஈஸ்டர் வரைக்கும் இருக்கும்.

சரி, கொஞ்சம் சீரியசா. 2024 டிசம்பர்ல அரசாங்கம் சொல்லிருச்சு, கவுண்டி டிஸ்ட்ரிக்ட்னு ரெண்டடுக்கு இருக்கறதை எடுத்துட்டு அஞ்சு லட்சம் சனத்துக்கு ஒண்ணுன்னு பெரிய பெரிய கவுன்சிலா மாத்தப் போறாங்க. சோமர்செட், நார்த் யார்க்‌ஷயர் 2023 ஏப்ரல்லயே மாறியாச்சு. சோமர்செட்ல அதே வருசம் நவம்பர்ல கையில காசில்லைன்னு நிதி நெருக்கடி அறிவிச்சு, இதை நீங்க எடுத்துக்கறீங்களா அதை நீங்க எடுத்துக்கறீங்களான்னு டவுன் கவுன்சில் பாரிஷ் கவுன்சில் கிட்ட வந்து நின்னாங்க. கார்ன்வால்ல பொதுக் கழிப்பறையெல்லாம் ஊர் கவுன்சில் தலையில எப்பவோ கட்டியாச்சு.

அதனால நாளைக்கு ஊர்ப்பக்கத்துல மிச்சம் இருக்கப்போறது இந்தப் பெஞ்சுக் கவுன்சில் ஒண்ணுதானுங்க. கக்கூஸ், பூங்கா, தெருவிளக்கு எல்லாம் எங்ககிட்ட வரும். கூட்டத்துல ஏழு நாற்காலி, அஞ்சு பேரு, அதுல ரெண்டு பேருக்குக் காது கேக்காது. குறைஞ்சது மூணு பேரு வந்தாத்தான் கூட்டமே நடத்த முடியும்னு சட்டம், போன ஜனவரில ஒருத்தரு பனியில வண்டி மாட்டிக்கிட்டு, நாங்க ரெண்டு பேரும் ஹீட்டரைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு மூணாவது ஆளுக்காக உக்காந்திருந்தோம். நக்கலடிக்கறவங்க இத்தனை பேரு இருக்கீங்களே, உங்க ஊர்ல காலி எடம் இருக்குதான்னு பாத்தீங்களா?

லண்டன்வாசி:
அக்கா சைலண்டா எல்லாரையும் வெயிட்டிங் ரூமுக்கு அனுப்பிட்டாங்க

மழைக்காத்தான்:
எங்க ஊர்ல ரெண்டு இடம் காலி, மே மாசத்துலேர்ந்தே அந்த நோட்டீஸ் தொங்குது. ஆனா நான் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்கல அக்கா, ஐ.எல்.ஆர்., அதான் நிரந்தரமா தங்குற அனுமதி, அவ்ளோதான். நானெல்லாம் கவுன்சிலர் ஆக முடியுமா? முடிஞ்சாலும் அவங்க விடுவாங்களா, எங்க ஊர்ல என்னையும் தபால்காரரையும் விட்டா எல்லாம் மூணு தலைமுறையா ஒரே ஊர்.

சட்டப்புலி:
முடியும். இந்தியா, இலங்கை ரெண்டும் காமன்வெல்த். விசா எதுவா இருந்தாலும் சட்டப்படி இங்க தங்கியிருக்குற காமன்வெல்த் குடிமக்கள் ஓட்டு போடலாம், நம்மாளு பாதிப் பேருக்கு இது தெரியாம ரெஜிஸ்டர் பண்ணாம இருக்காங்க. கவுன்சிலரா நிக்கணும்னா ஐ.எல்.ஆர். வேணும், உங்ககிட்ட இருக்கு. 18 வயசு ஆகியிருக்கணும். அந்த பாரிஷ்ல வாக்காளரா இருக்கணும், இல்லன்னா ஒரு வருஷமா அங்கயோ 3 மைலுக்குள்ளயோ குடியிருக்கணும், இல்ல அதே ஒரு வருஷமா அங்க வேலை பாக்கணும், ஏதாவது ஒண்ணு போதும். சேந்ததும் வீடு, வேலை, நிலம் எல்லாம் இன்ட்ரெஸ்ட் ரெஜிஸ்டர்ல எழுதிக் குடுக்கணும், அது எல்லாரும் பாக்குற மாதிரி இருக்கும்.

பெட்டிக்கடை_அண்ணை:
விடுவினம் தம்பி. நான் கடை எடுத்த புதுசில ஆறு மாசம் வெதர் மட்டும்தான் கதைச்சவை. ஒரு குளிருக்கு ரோட்டெல்லாம் பனி மூடி பாண் வான் வராமல் போக, நான் கடையைப் பூட்டாமல் இருக்கிற மாவை எல்லாருக்கும் நிறுத்துக் குடுத்தன். அதுக்குப் பிறகு வேலிக் கதையெல்லாம் சொல்லத் தொடங்கீட்டினம். அவையளுக்கு ஆர் வேலை செய்வினம் எண்டதுதான் கணக்கு. என்னையும் கேட்டவை, நான் மாட்டன் எண்டிட்டன். 538க்கு ஒரு கை தூக்கினால் 539க்காரன் கடைக்கு வரமாட்டான்.

வடக்குக்காத்து:
அண்ணை சொன்னது பாயிண்டு. கவுன்சிலர் ஆகாம இருக்குறதுக்கு இதைவிட நல்ல காரணம் கேட்டதில்ல.

மழைக்காத்தான்:
சரி, வீட்டம்மா வேற உனக்கு ராத்திரி அந்த ஃபோனை நோண்டுறதுக்கு இது தேவலன்னுட்டாங்க. கோ-ஆப்ஷனுக்கு, அதான் தேர்தல் இல்லாம காலி இடத்துல சேத்துக்கிறதுக்கு, லெட்டர் குடுத்துட்டேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி மீட்டிங்ல என் பேர் வருதாம், அஜெண்டால ஆறாவது அயிட்டம், நாய்த் தொட்டிக்கு முன்னாடி. க்ளார்க் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து போர்டுல ஒட்டினாங்க, நானே பாத்தேன்.

சட்டப்புலி:
வெள்ளிக்கிழமையா?

மழைக்காத்தான்:
ஆமா சார், ஏன்?

சட்டப்புலி:
1972 லோக்கல் கவர்ன்மெண்ட் சட்டம் 12வது அட்டவணைப்படி மூணு முழு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். ஒட்டின நாள் கணக்குல வராது, மீட்டிங் நாளும் வராது. 243வது பிரிவுப்படி ஞாயித்துக்கிழமையும் பேங்க் ஹாலிடேயும் வராது. சனி ஒண்ணு, திங்கள் ரெண்டு. அவ்ளோதான். வியாழக்கிழமை ஒட்டியிருக்கணும். உங்களைச் சேத்தது செல்லாதுன்னு நாளைக்கு யாராவது கிளப்பினா க்ளார்க்குக்குத்தான் சங்கடம்.

மழைக்காத்தான்:
க்ளார்க்குக்கு மெயில் போட்டேன், அட்டவணை நம்பர் பிரிவு நம்பர் எல்லாம் போட்டு பணிவா. கால் மணி நேரத்துல பதில், மீட்டிங்கை ஒரு வாரம் தள்ளி வச்சாச்சு, கவனிச்சதுக்கு ரொம்ப நன்றின்னு. சேர்மனுக்கும் காப்பி போட்டிருக்காங்க.

தோட்டக்காரி:
பிரிவு நம்பரோடவா மெயில் போட்டீங்க? முடிஞ்சுது தம்பி. இனி அவங்க உங்களை விடவே மாட்டாங்க, அடுத்த மே மாசம் நீங்கதான் வைஸ் சேர்மன்.